மேலே கறுத்தால் கீழே நில்!

ஆபீஸ்களில் புது வியாதி ஒன்று பரவிக்கொண்டிருக்கிறது. ட்ரெக்கிங்! முன்பெல்லாம் ஊட்டிக்கு வேன் பிடித்து, வழியெல்லாம் அந்தாக்ஷரி பாடி, வளைவுக்கு வளைவு வாந்தி எடுத்து, வர்க்கி வாங்கிக்கொண்டு திரும்பினால் டூர் முடிந்தது. இப்போது நடக்கணுமாம். அதுவும் மேல் நோக்கி!

எங்கள் செட் தேர்ந்தெடுத்தது பொம்மிடி. சேலம் - ஜோலார்பேட்டை ரயில் பாதையில், சேர்வராயன் மலைக்கு வடக்கே இருக்கிற ஊர். மலைக்கு அந்தப் பக்கம் சேலத்துக்காரர்கள் இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி ஏற்காட்டில் ஸ்வெட்டர் போட்டுக்கொள்வார்கள். இந்தப் பக்கம் பொம்மிடியில் பனியனைக் கழற்றிப் பிழியலாம். உச்சியில் ஆண்டுக்குச் சுமார் 1,500 மில்லிமீட்டர் மழை. கீழே தர்மபுரி சமவெளியில் அதில் பாதிக்குக் கொஞ்சம் மேல், அவ்வளவுதான். இந்த வித்தியாசத்தை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேலை இருக்கிறது.

கிளம்புவதற்கு முன் ஒரு சண்டை. செலவு எஸ்டிமேட்டில் 'உள்ளூர் வழிகாட்டி கூலி' என்று ஒரு வரி. "போன்லயே மேப் இருக்கு, இது எதுக்கு தண்டச் செலவு?" என்றார் மேனேஜர். அனுமதி கொடுத்த வனத்துறைக்காரர் ஆள் இல்லாமல் ஏறக்கூடாது என்று சொல்லிவிட்டதால், வேண்டாவெறுப்பாக ஒரு பெரியவரைச் சேர்த்துக்கொண்டோம். மொத்தம் ஒன்பது பேர்.

மே மாதம். இரண்டு நாள் முன்னால்தான் கோடை மழை பெய்திருந்தது. வறண்ட கரடு என்று நினைத்துப் போனால், சார், அது வேற ஊர்! பாறை இடுக்கெல்லாம் பச்சைப் புல். சிவப்பு வெல்வெட்டைக் கத்தரித்துப் போட்ட மாதிரி குட்டிக் குட்டிப் பூச்சிகள். மண் வாசனையை பாட்டிலில் அடைத்து விற்கலாம்.

பதினொன்றரை மணிக்கு ஒரு ஓடை குறுக்கிட்டது. ஓடை என்பது பேருக்குத்தான். வெறும் மணலும் கல்லும். சுள்ளென்று வெயில். மேனேஜர் காலை எடுத்து வைத்தார்.

"இருங்க தம்பி" என்றார் பெரியவர்.

"ஏன்யா, தண்ணியே இல்லையே?"

"மேல கறுத்துக் கெடக்கு பாருங்க."

"இங்க வெயில் அடிக்குதே!"

"இங்க அடிக்கும். அங்க பெய்யும். ஒக்காந்து சோறு தின்னுங்க."

புளியோதரைப் பொட்டலத்தைப் பிரித்தோம். முக்கால் மணி நேரம் ஆகியிருக்கும். தூரத்தில் கூட்ஸ் வண்டி வருகிற மாதிரி சத்தம். "பொம்மிடி ஸ்டேஷன் பக்கம்தானே, ரயிலா இருக்கும்" என்றார் ஸ்டோர்ஸ் கிளார்க். வந்தது ரயில் இல்லை. சருகும் நுரையும் முறிந்த கிளையுமாகக் காபி நிறத்தில் தண்ணீர், முதலில் பாய் சுருட்டுகிற மாதிரி மெதுவாக, அப்புறம் இடுப்பளவு. மேனேஜர் கையிலிருந்த அப்பளம் அப்படியே நின்றுவிட்டது. நாங்கள் ஓடையைத் தாண்டவேயில்லை. வந்த வழியே இறங்கினோம்.

பி.காம். படித்தவனுக்கு இது சுலபமாகப் புரியும். ஹெட் ஆபீஸில் வரவு வைத்தது கிளை ஆபீஸ் லெட்ஜரில் ஏற நேரம் பிடிக்கும் இல்லையா? அதே கணக்குதான். கோடையில் இறுகிப்போன நிலமும் மொட்டைப் பாறையும் தண்ணீரைக் குடிப்பதில்லை, அப்படியே கீழே தள்ளிவிடுகின்றன. சேர்வராயன் மலையில் பிறக்கிற வாணியாறும் வடக்கே இந்தப் பக்கம்தான் வருகிறது. மேலே கொட்டினால் பாப்பிரெட்டிப்பட்டி பக்கத்து வாணியாறு அணைக்கு நீர் வரும். நடுவில் நிற்பவனுக்குத் தந்தி அடிக்க ஆள் கிடையாது.

1997 ஆகஸ்ட் 12. அமெரிக்காவில் அரிசோனா பாலைவனம். ஆன்டலோப் கேன்யன் என்ற குறுகலான பாறைப் பிளவைப் பார்க்கப் போனவர்களில் 11 பேரை வெள்ளம் அடித்துக்கொண்டு போனது. மழை கொட்டியது பல மைல் தள்ளி! அவ்வளவு தூரம் போவானேன். 2024 மே 17, பழைய குற்றாலம். குளித்துக்கொண்டிருந்தவர்கள் மேல் திடீர் வெள்ளம் இறங்கியதில் 17 வயதுப் பையன் ஒருவன் போய்விட்டான். அதுவும் கோடை மழைதான்.

முழங்கால் தண்ணிதானே என்று இளவட்டங்கள் பேன்ட்டை மடிப்பதைப் பார்த்திருக்கிறேன். வேகமாக ஓடுகிற தண்ணீர் அரை அடி இருந்தாலே ஆளைச் சாய்த்துவிடும். தெளிந்த நீர் கலங்கினாலோ, சருகு மிதந்து வந்தாலோ கரையேறுங்கள். செல்ஃபி அப்புறம். கோடை இடி மழை பெரும்பாலும் மதியத்துக்கு மேல்தான் வரும். ஆகவே விடியற்காலையில் ஏறி, பன்னிரண்டுக்குள் இறங்கப் பாருங்கள். ஓடை மணலில் மட்டும் கூடாரம் போடாதீர்கள். மெத்தை மாதிரி இருக்கும், அதுதான் ஆபத்து.

அடுத்தது கொல்லிமலையாம். எஸ்டிமேட் என் மேஜைக்கு வந்திருக்கிறது. பிரியாணி, டீ-ஷர்ட், டிரோன் வாடகை எல்லாம் இருக்கிறது. வழிகாட்டி கூலி வரியைக் காணோம். சிவப்பு மையில் சேர்த்து, டீ-ஷர்ட்டை அடித்துத் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.