கன்றுக் கணக்கு

சென்னைப் புறநகர் அனகாபுத்தூரில் அடையாற்றங்கரையில் நின்றால் ஆறே கண்ணில் படாத நாட்கள் உண்டு. கரைக்குக் கரை ஆகாயத்தாமரைதான். ஒரு காம்பைக் கிள்ளிப் பாருங்கள்: உள்ளே பஞ்சு மாதிரி காற்றறைகள். அந்த மிதவையை வைத்துக்கொண்டுதான் தண்ணீர்மேல் பாய் விரிக்கிறது. ஊதாப் பூவைக் கைப்பேசியில் படமெடுத்துப் போட்டால், 'என்ன பசுமை!' என்று பத்துப் பேர் சொல்வார்கள். தென்னமெரிக்காவிலிருந்து வந்த செடி அது. சாக்கடைச் சத்தைத் தின்று கொழுத்து, வெயிலை மறைத்து, அழுகும்போது நீரிலுள்ள உயிர்வளியையும் குடித்துவிடும். கீழே ஜிலேபிக் கெண்டை மாதிரி எதையும் தாங்கும் மீன்தான் பிழைக்கும். அதுவும் ஆப்பிரிக்காவிலிருந்து வந்ததுதான்.

பச்சையாக இருந்தால் நல்லது என்று நம்புகிற இதே கண்தான் நம் கம்பெனிகளின் ஆண்டறிக்கைகளையும் எழுதுகிறது. தொழில் என்றால் இயற்கைக்குக் கொஞ்சம் சேதம் வரத்தான் செய்யும், ஈடாக மரம் நட்டுவிட்டால் தீர்ந்தது என்பது இன்று பெரிய அதிகாரி முதல் பள்ளிப் பிள்ளை வரை எல்லோருக்கும் மனப்பாடம். இத்தனை ஆயிரம் கன்று என்று ஒரு எண், பக்கத்தில் மண்வெட்டி பிடித்த மேலாளர் படம். (போன ஜூன் 5-இல், உலகச் சுற்றுச்சூழல் நாளில், தோண்டிய குழியிலேயே இந்த ஜூன் 5-க்கும் நடுவது நம் ஊரில் பழைய நகைச்சுவை.)

அந்த எண் கம்பெனி செய்த செலவின் அளவு. உயிர்களுக்கு என்ன ஆயிற்று என்பதை அது சொல்லாது. அனகாபுத்தூர் நெசவாளர்கள் வாழை நாரில் சேலை நெய்து பேர் வாங்கியவர்கள். எத்தனை கிலோ நார் போட்டீர்கள் என்பதை மட்டும் கேட்டு ஒரு சேலையை எடைபோட்டால் சிரிப்பார்கள். பாவு எது, ஊடை எது, முடிச்சு எங்கே விழுந்தது என்று பார்த்தால்தானே துணி தெரியும்?

எந்த இடம் என்று கேட்காமல் எண்ணை மட்டும் போடுவது கரியமிலக் கணக்கிலிருந்து தொற்றிய வியாதி. பம்மலில் வெளியேறும் ஒரு டன் கரியமில வாயுவும் பாரிஸில் வெளியேறும் ஒரு டன்னும் காற்றுக்கு ஒன்றே. தவளைக்கு அப்படியில்லை. அடையாற்றில் செத்த தவளைக்கு ஏற்காட்டில் நட்ட சில்வர் ஓக் ஈடாகாது. இயற்கை சார்ந்த நிதித் தகவல் வெளியீட்டுக்கான டி.என்.எஃப்.டி. பணிக்குழு உலக அளவில் 2023-இல் தந்த பரிந்துரைகளும் இதைத்தான் கேட்கின்றன: உங்கள் தொழில் இயற்கையைத் தொடும் இடம் எது?

நம் பக்கத்தில் அந்த இடத்தைத் தேடி அலைய வேண்டாம். 1912-இல் தொடங்கிய குரோம் லெதர் கம்பெனியின் பெயரைத்தான் குரோம்பேட்டை இன்றும் சுமக்கிறது. பல்லாவரம், நாகல்கேணி, பம்மல் தோல் ஆலைகளின் கழிவுநீர்க் கதை தெரியாதவர் இங்கே இல்லை. வேலூர்த் தோல் ஆலை வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996-இலேயே சொல்லிவிட்டது: மாசுபடுத்தியவர் பாதிக்கப்பட்டவருக்கு இழப்பீடு தந்தால் மட்டும் போதாது, கெடுத்த சூழலை மீட்கும் செலவையும் ஏற்க வேண்டும். கெடுத்த சூழலை! வேறொரு மாவட்டத்து மலைச்சரிவை அல்ல.

பங்குச்சந்தையைக் கண்காணிக்கும் செபி என்ன செய்கிறது? 2022-23 முதல் சந்தை மதிப்பில் முதல் 1,000 பட்டியல் நிறுவனங்களுக்கு வணிகப் பொறுப்பையும் நிலைத்தன்மையையும் பற்றிய பி.ஆர்.எஸ்.ஆர். அறிக்கையைக் கட்டாயமாக்கியது, நல்லது. ஆனால் பல்லுயிர்மீது நேரடியாகவும் மறைமுகமாகவும் என்ன தாக்கம் என்ற கேள்வி விரும்பினால் பதில் சொல்லும் பகுதியில் கிடக்கிறது. அந்த அறிக்கையின் மையப் பகுதியாக 2023-இல் வந்த பி.ஆர்.எஸ்.ஆர். கோரின் ஒன்பது தலைப்புகளில் நீர் உண்டு, எரிசக்தி உண்டு, கழிவு உண்டு, பல்லுயிர் இல்லை. பட்டியலில் இல்லாத சிறு தோல் ஆலை செபியின் கண்ணிலேயே படாது. அந்தத் தோலை வாங்கிச் செருப்புத் தைக்கும் பெரிய கம்பெனிதான் அதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

'எதுவும் செய்யாமல் இருப்பதற்கு மரமாவது நடுகிறார்களே' என்பார்கள். எல்லா இடத்திலும் அதுகூட நன்மை இல்லை. நன்மங்கலம் புதர்க்காடு, அங்கே கொம்பன் ஆந்தை பாறை இடுக்கில் முட்டையிடுகிறது. பள்ளிக்கரணை 2022-இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்த சதுப்புநிலம். நீளவால் இலைக்கோழி அங்கே மிதக்கும் இலைமேல் நடக்கிறது. இந்த இரண்டிலும் வெற்றிடம் என்று நினைத்துக் குழி தோண்டினால் அது கெடுதல், அவ்வளவுதான்.

உயிர்களை எண்ணுவது கம்பெனிக்கு ஆகிற காரியமா என்று கேட்பவர்களுக்கு: 2015 முதல் பொங்கல் விடுமுறையில் தமிழ்நாடெங்கும் தன்னார்வலர்கள் பறவைகளை எண்ணுகிறார்கள். பதினைந்து நிமிடம், ஒரு கைப்பேசி, இருந்தால் ஒரு இருநோக்கி. சம்பளம் கிடையாது. பள்ளிக்கூடப் பையன்கள் செய்வதைக் கோடிகளில் லாபம் காட்டும் கம்பெனி தன் வேலிக்கு வெளியே ஓடும் ஓடையில் செய்ய முடியாதாம்! ஆலை வருமுன் அங்கே எத்தனை வகை மீன், தவளை, பறவை? ஐந்து வருடம் கழித்து எத்தனை? அந்த அட்டவணை போதும், மண்வெட்டிப் படம் வேண்டாம்.

உங்களிடம் பத்துப் பங்கு இருந்தாலும் ஆண்டறிக்கை உங்களுக்கு வரும். கன்றுக் கணக்கு அச்சான பக்கத்தைக் கண்டால், ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் ஒரு கேள்வி கேளுங்கள்: குழி தோண்டுவதற்கு முன் அந்த இடத்தில் என்ன இருந்தது?