சக்கரத்தின் மேல் ஒரு வீடு: ஓய்வு யாருக்கு?

மனிதன் ஆதியில் நாடோடியாக வாழ்ந்தான். பின்னர் ஆற்றோரங்களில் குடியமர்ந்து வீடு கட்டினான். இன்றோ அந்த வீட்டையே சக்கரங்களின் மேல் ஏற்றிக்கொண்டு மீண்டும் ஊர் சுற்றப் புறப்பட்டுவிட்டான். படுக்கை, அடுப்பு, குளிர்சாதனப் பெட்டி, கழிப்பறை யாவும் உள்ளே அமைந்த இவ்வண்டிகள் மேல்நாடுகளில் விடுமுறைக் காலத்தின் அடையாளமாகிவிட்டன.

ஜேர்மனியின் டுசெல்டோர்ப் நகரில் இவற்றுக்கென ஆண்டுதோறும் ஒரு பெருங் கண்காட்சி நடைபெறுகிறது. 1962இல் எசன் நகரில் தொடங்கி, 1994இல் டுசெல்டோர்ப்புக்கு இடம் மாறியது அது. கெவலார் மாதா திருத்தலத்துக்கு நம்மவர் ஆயிரக்கணக்கில் யாத்திரை செல்லும் ஓகஸ்ட் மாதத்தின் இறுதியில்தான் இக்கண்காட்சியும் ஆரம்பமாகும். யாத்திரைக்காகச் சித்தி வீட்டுக்குச் சென்றிருந்த எனக்கு இதனையும் காணும் வாய்ப்புக் கிட்டியது.

அங்குள்ள வண்டிகளை மூன்று வகையாகப் பிரிக்கலாம். காரின் பின்னே கொழுவி இழுத்துச் செல்லும் கரவன் முதலாவது. அதனை முகாமில் நிறுத்திவிட்டுக் காரில் ஊர் பார்க்கப் போகலாம். ஆனால் பின்னோக்கிச் செலுத்தப் பழக்கம் வேண்டும். சாமான் ஏற்றும் வானின் உள்ளேயே கட்டிலும் அடுப்பும் பொருத்தப்பட்டது இரண்டாவது. ஒடுங்கிய வீதியிலும் செல்லும். ஆனால் ஒருவர் நடந்தால் மற்றவர் ஒதுங்க வேண்டும். சாரதி ஆசனத்தின் மேலேயும் படுக்கை கொண்ட பெரிய வண்டி மூன்றாவது. பிள்ளைகள் ஏறியவுடன் இறங்க மறுப்பது இதிலிருந்துதான்.

பளபளப்பைக் கண்டு மயங்குவோர் நிறையை மறந்துவிடுகின்றனர். பலரிடமும் உள்ள சாதாரண சாரதி அனுமதிப்பத்திரத்துடன் அங்கு ஓட்டக்கூடிய நிறை 3,500 கிலோ வரையே. சாரதியோடு சேர்த்து வண்டியே 3,000 கிலோ என வைத்துக்கொள்வோம். மிஞ்சுவது 500. நூறு லீற்றர் தண்ணீர் 100 கிலோ. இன்னும் மூவர் ஏறினால் ஏறக்குறைய 200 கிலோ. பின்பு உடுப்பு, உணவு, பாத்திரம், சைக்கிள்! ஆகவே அழகான மரவேலையைப் பார்க்குமுன் நிறைக் கணக்கைக் கேட்பதே புத்தி.

ஆனால் நிறையிலும் பெரியதொரு கணக்கு அங்கு கேட்கப்படவில்லை என்பதே என் கருத்து. விற்பனையாளர் சித்தப்பாவுக்கு இயந்திரத்தின் வலுவை விளக்கினார். சித்திக்கு அடுப்பையும் அலுமாரிகளையும் திறந்து காட்டினார். வீட்டில் நான்கு சுவருக்குள் நின்று சமைப்பவர் கடற்கரையில் ஒரு முழ இடத்துக்குள் நின்று சமைக்கப் போகிறார். குடும்பம் விடுமுறைக்குப் போகிறது. சமையலறையும் கூடவே போகிறது. அப்படியாயின் அம்மாவுக்கு விடுமுறை எப்போது?

இவ்வண்டியின் வரலாற்றை அறிந்தால் இக்கேள்வி இன்னும் கூர்மை பெறும். ஜேர்மனியில் ஈஸ்னி என்ற ஊரில் சவுக்கும் பனிச்சறுக்குத் தடியும் செய்த குடும்பத் தொழிலை நடத்தியவர் அரிஸ்ட் டெத்லெப்ஸ். வியாபாரத்துக்காக அவர் நெடுநாள் வெளியூர் போய்விடுவார். அவருடைய மனைவி பிரிடல் ஓர் ஓவியர். கணவரோடு சேர்ந்து பயணம் செய்யவும், போகுமிடத்தில் தன் ஓவியத்தைத் தொடரவும் அவர் விரும்பினார். அதன் விளைவாக 1931இல் பிறந்ததுதான் அவர்களது 'வீட்டு வண்டி'. ஆக, ஒரு பெண்ணின் தூரிகைக்கும் இடம் வேண்டும் என்ற எண்ணத்தில் உருவான வண்டியில், இன்று அவளுக்குக் கரண்டி வைக்கும் இடத்தை மட்டும் காட்டுவது நியாயமாகுமா?

"ஹோட்டல் செலவு மிச்சம், ஒன்றாகச் சமைப்பதும் ஓர் இன்பந்தானே?" எனச் சிலர் கேட்கலாம். உண்மை. 'ஒன்றாக' என்ற அந்தச் சொல்லைத்தான் நானும் வற்புறுத்துகிறேன். சிறிய வண்டியில் ஒருவர் படும் பாடு மற்றவர் கண்ணுக்கு மறையாது. தண்ணீர் நிரப்ப வேண்டும். கழிவுத் தொட்டியை வெறுமையாக்க வேண்டும். கட்டிலை மடித்தால்தான் மேசை கிடைக்கும். இவற்றைப் பங்கிட்டுக் கொள்ளும் குடும்பத்துக்கு மிகச் சிறிய வானும் மாளிகையே. பங்கிடாத குடும்பத்துக்கு மிகப் பெரிய வண்டியும் இன்னொரு குசினியே. எனவே வண்டிகளை ஒப்பிடுவோர் நீளம், அகலம், விலை ஆகியவற்றோடு, "இதில் யார் என்ன வேலை செய்வார்?" என்ற கேள்வியையும் வாசலிலேயே கேட்க வேண்டும்.

நம்மில் பெரும்பாலோர் இத்தகைய வண்டியை வாங்கப் போவதில்லை. ஆயினும் கேள்வி நமக்கும் உரியதே. பரீட்சைக்குப் படிக்கும் அண்ணாவுக்குத் தேநீர் கொண்டுபோகும் தங்கைக்கும் மறுநாள் பரீட்சை இருக்கிறது. திருநாள் அன்று எல்லோரும் பூசை முடிந்து உறவினரோடு உரையாட, அம்மா மட்டும் அடுப்படிக்கு ஓடுகிறார். பெத்தானியாவில் மார்த்தா தனியாகப் பணிவிடை செய்து களைத்ததை நாம் அறிவோம். இருவரும் கைகோத்து வேலையை முடித்திருந்தால், மரியாவோடு மார்த்தாவும் ஆண்டவரின் பாதத்தருகே அமர்ந்திருக்கலாமல்லவா?

பெற்றோரே, மகனின் கையிலும் துடைப்பத்தைக் கொடுங்கள். சகோதரிகளே, அம்மாவின் ஓய்வில் நமக்கும் பொறுப்புண்டு. நம் படிப்பு நேரத்தை நாம் கேட்பதிலும் தவறில்லை. வீடு மண்ணில் நின்றாலென்ன, சக்கரத்தில் ஓடினாலென்ன? அதில் உள்ள அனைவருக்கும் அமர ஓர் இடமும் ஆறுதலாக ஒரு பொழுதும் கிடைக்குமாயின் அதுவே நல்ல வீடு.