காட்டன் கட்டிய அணையில் ஜிகினா கவுன்!

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் முக்கொம்புப் பூங்காவில் கொஞ்ச நேரம் காதைத் தீட்டிக்கொண்டு நின்று பாருங்கள். காவிரியின் சத்தத்தைவிட அதிகமாகக் காதில் விழுவது எது தெரியுமா? ‘டேய்... மண்ணுல உட்காராத!’, ‘பாப்பா, கவுன் கிழிஞ்சிடும், இறங்கு!’, ‘ஐயையோ, புது டிரெஸ்ஸு போச்சு!’

திருச்சியிலிருந்து பெட்ரோல் போட்டுக்கொண்டு, புளியோதரை கட்டிக்கொண்டு பிள்ளைகளை இங்கே எதற்குக் கூட்டிவருகிறோம்? விளையாடத்தானே? அப்புறம் எதற்கு விளையாடவே முடியாத உடுப்புக்குள் அவர்களைப் பூட்டி வைக்கிறோம்?

பெண் குழந்தை என்றால் உடம்பெல்லாம் குத்தும் நெட் கவுன், உள்ளே வழவழ லைனிங், கழுத்தில் ஜிகினா, காலில் கொலுசு. பையன் என்றால் இறுக்கிப் பிடிக்கும் ஜீன்ஸ், அதற்கு மேல் ஒரு கோட்டு, நடந்தால் லைட் எரியும் ஷூ. வெயிலோ கோடையில் 40 டிகிரியைத் தொடும் திருச்சி வெயில்! கல்யாண மாப்பிள்ளைகூட அரை மணி நேரத்தில் கோட்டைக் கழற்றிவிடுகிறார். ஐந்து வயதுப் பிள்ளை மட்டும் போட்டோ எடுத்து முடியும்வரை கழற்றக் கூடாதாம்.

சட்டைக்குக் காவல் காக்கும் வேலையைப் பிள்ளைக்குக் கொடுக்காதீர்கள். நான் சொல்ல வருவது இவ்வளவுதான்.

1830-களில் இந்த இடத்தில் மேலணையைக் கட்டியவர் ஆர்தர் காட்டன். காட்டன் கட்டிய இடத்தில் இன்று காட்டனைத்தான் காணோம்! உறையூரைக் கேட்டால் இன்னும் வெட்கமாக இருக்கும். கி.பி. முதல் நூற்றாண்டில் எழுதப்பட்ட ‘பெரிப்ளஸ்’ என்ற கிரேக்க வணிகக் குறிப்பு, ‘அர்கரு’ என்ற ஊரின் மெல்லிய துணி கப்பலேறியதைச் சொல்கிறது. அந்த அர்கரு நம் உறையூர்தான் என்பது வரலாற்றாசிரியர்கள் பலரின் கருத்து. வெயிலுக்கு என்ன துணி என்று உலகத்துக்கே நெய்து கொடுத்த ஊர், தன் பிள்ளைக்கு பாலியஸ்டரை மாட்டி வியர்க்க வைக்கிறது.

கணக்கு ரொம்பச் சுலபம். சாதாரண ஈரப்பதமுள்ள காற்றில் 100 கிராம் பருத்தி சுமார் 8 கிராம் ஈரத்தைத் தனக்குள் வாங்கிக்கொள்ளும். பாலியஸ்டர் அரை கிராம்கூட வாங்காது. அதனால் வியர்வை தோலிலேயே தங்கும். வேர்க்குரு வரும். ‘கிரிக்கெட்காரங்க போடறதும் பாலியஸ்டர்தானே சார்?’ என்பீர்கள். அது காற்று புகும்படி பின்னி, வியர்வை சீக்கிரம் காயும்படி செய்த மெல்லிய துணி. உங்கள் வீட்டு கவுனோ நெட், லைனிங், கேன்கேன் என்று மூன்று அடுக்கு. இரண்டும் ஒன்றா?

அடுத்தது ஆபத்து. சறுக்கு மரத்திலும் பள்ளி வேன் கதவிலும் சட்டைக் கயிறு மாட்டிக் குழந்தைகள் இறந்ததால், சின்னப் பிள்ளைகளின் மேலுடையில் தலை, கழுத்துப் பக்கம் தொங்கும் கயிறு கூடாது என்று அமெரிக்காவின் நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 1996-லேயே வழிகாட்டி வெளியிட்டது. அங்கே ஏற்றுமதி செய்யும் திருப்பூர்க்காரர்களுக்கு இது அத்துப்படி. நாமோ நான்கு வயசுக் குழந்தைக்கு லெஹங்கா, முதுகில் குஞ்சம் வைத்த கயிறு, தோளில் துப்பட்டா எல்லாம் மாட்டி ஊஞ்சலில் ஏற்றிவிடுகிறோம். ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும் என்பார்கள். பாப்பாவின் துப்பட்டா எதில் போய்ச் சுற்றும் என்று யோசித்தீர்களா?

‘சரி சார், என்னதான் போடறது?’

சித்திரை, வைகாசியில் வெளிர் நிறத்தில் தொளதொள அரைக்கைப் பருத்திச் சட்டை, அரை டிராயர், தலைக்குத் துணித் தொப்பி. நாலு மணிக்கு மேல் இறக்கிவிடுங்கள். இரும்புச் சறுக்கு மரத்தை முதலில் நீங்கள் தொட்டுப் பாருங்கள்.

ஆடியில் ஆற்றில் தண்ணீரும் கரையில் கூட்டமும் நிறைந்திருக்கும். பளிச்சென்ற மஞ்சள் அல்லது ஆரஞ்சு பனியன் போட்டால் கூட்டத்தில் பிள்ளை சட்டென்று கண்ணில் படும். அதற்காகத் தண்ணீரில் இறங்கவிட்டு வேடிக்கை பார்க்காதீர்கள்.

ஐப்பசி, கார்த்திகையில் மெல்லிய முழுக்கைச் சட்டை, முழு பேன்ட். டெங்கு கொசு பகலில்தான் கடிக்கும். ஒரு பிளாஸ்டிக் பையில் மாற்று உடுப்பும் துண்டும் இருந்தால் போதும். நனைந்தால் துடைத்து மாற்றுங்கள். தூறலைக் கண்டதும் ‘சளி பிடிச்சுக்கும்’ என்று அலறவேண்டாம். சளியைக் கொண்டுவருவது வைரஸ்.

மார்கழி, தையில்? திருச்சியில் அப்போது ராத்திரிக் குளிரே 20 டிகிரியை ஒட்டித்தான். மங்கி கேப்பும் கம்பளி ஸ்வெட்டரும் யாருக்கு? ஒரு பனியன் மேல் இன்னொரு சட்டை. ஓடி வியர்த்தால் மேலே இருப்பதைக் கழற்றிக்கொள்ளலாம். முடிந்தது குளிர்காலம்!

நார்வேயில் ஒரு வழக்கு உண்டு. கெட்ட வானிலை என்று ஒன்று கிடையாது, கெட்ட உடுப்புதான் உண்டு என்பார்கள். அங்கே பனியில் பிள்ளையை விளையாட அனுப்ப கம்பளி, மேலாடை, பூட்ஸ் என்று காசு கரையும். அப்படியும் அனுப்புகிறார்கள். நமக்கு இயற்கை அந்தச் செலவையே வைக்கவில்லை. நாமாகத் தேடிப்போய் வைத்துக்கொள்கிறோம். விளைவு? 2016-18-ல் மத்திய அரசு நடத்திய தேசிய ஊட்டச்சத்து ஆய்வில், 10 முதல் 19 வயதுப் பிள்ளைகளில் 24 சதவீதம் பேருக்கு வைட்டமின் டி பற்றாக்குறை. வெயிலுக்குப் பஞ்சமில்லாத தேசத்தில்!

செலவுக் கணக்குக்கு வருவோம். தீபாவளிக்கு என்.எஸ்.பி. ரோட்டில் கூட்டத்தில் நசுங்கி ஆயிரக்கணக்கில் கொடுத்து வாங்குகிற உடுப்பை ஒரு வருஷத்தில் எத்தனை தடவை போடுகிறான்? நாலைந்து விசேஷம். அடுத்த தீபாவளிக்குள் பிள்ளை வளர்ந்துவிடும். அந்தப் பணத்தில் பாதிக்கு அரை டஜன் திருப்பூர் பனியனும் நாலு டிராயரும் வரும். அண்ணன் சட்டை தம்பிக்கு. ‘வளர்ற பிள்ளை, உள்ளே கொஞ்சம் துணி விட்டுத் தைங்க’ என்று தையற்காரரிடம் நம் அம்மாக்கள் சொன்னார்களே, அதைவிடப் பெரிய சிக்கன யோசனை உண்டா? பிறந்த குழந்தையை நாம் முதலில் சுற்றியது எதில்? தாத்தாவின் பழைய வேட்டியில். அது கௌரவக் குறைச்சலாகத் தெரியவில்லை. ஐந்து வயதில் மட்டும் எங்கிருந்து வந்தது கௌரவம்?

‘நாலு பேர் பார்த்தா பிச்சைக்காரப் புள்ள மாதிரி இருக்குன்னு சொல்ல மாட்டாங்களா?’ இந்த நாலு பேர்தான் நம் பிள்ளைகளின் முதல் எதிரி. அதிலும் பெண் பிள்ளைகளுக்கு. பையன் மண்ணில் புரண்டால் ‘வாலு’ என்று சிரிக்கிறோம். பெண் புரண்டால் ‘பொம்பளப் புள்ள மாதிரியா இருக்கா’ என்கிறோம். அவள் தலைகீழாகத் தொங்கவும் வேகமாக ஓடவும் ஒரு அரை டிராயர் போதும். அதை மறுத்துவிட்டு, கவுனை இழுத்துவிட்டுக்கொண்டு பெஞ்சில் உட்காரக் கற்றுக்கொடுக்கிறோம். அப்புறம் அவள் கையில் செல்போன் கொடுக்கிறோம். அப்புறம், ‘எந்நேரமும் போனைப் பார்க்கிறாள்’ என்று புலம்புகிறோம்!

பட்டுப் பாவாடையை நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. வைகுண்ட ஏகாதசிக்கு ஸ்ரீரங்கம் கோயிலுக்குப் போகும்போது அழகாக உடுத்துங்கள். சக்தி இருந்தால் சங்கிலியும் போடுங்கள். முக்கொம்புக்கு வரும்போது அதையெல்லாம் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டு, கிழிந்தாலும் கவலையில்லாத ஒரு பருத்திச் சட்டையை மாட்டிக் கூட்டிவாருங்கள்.

காவிரி மணல் உதறினால் போய்விடும். ஐந்து வயசு போனால் வராது.