புழுவைக் கண்டது யார்?

"மூவாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே முன்னோர் அறிந்திருந்தனர்!" என்று முழங்குவோர் எல்லா நாட்டிலும் உண்டு. கண் துஞ்சாமல் உழைத்து விஞ்ஞானி ஓர் உண்மையைக் கண்டறிவான்; மறுநாளே மறைநூலைப் புரட்டி, "இது எங்களிடம் ஏற்கெனவே இருக்கிறதே!" என்பான் பழமைவாதி. இருந்தது என்றால், இத்தனை நாள் அந்த ஏடு ஏன் வாய் திறக்கவில்லை என்று கேட்டுப் பாருங்கள். பதில் வராது, கோபம் வரும்!

மேலை நாட்டில் இப்படிப் பறிக்கப்படும் பெருமைகளில் ஒன்று, டிரிக்கினா என்னும் புழுவைப் பற்றியது. சரியாக வேகாத பன்றி இறைச்சி வழியே மனித உடலில் குடியேறுவது அது. யூதர்களின் பழைய சட்டம் பன்றியை விலக்கியதே இந்தப் புழுவை அறிந்துதான் என்று எழுதுகிறார்கள், படித்தவர்களே எழுதுகிறார்கள்!

பன்றி உண்ணாதவரை நாம் குறை கூறவில்லை. உண்பதும் ஒதுக்குவதும் அவரவர் உரிமை. ஆனால், அந்தச் சட்டம் கூறும் காரணம் என்ன? லேவியராகமத்தில் எழுதியே இருக்கிறது: பன்றிக்குக் குளம்பு பிளந்திருக்கிறது, ஆனால் அது அசைபோடுவதில்லை, ஆகவே ஆகாது. ஒட்டகம் அசைபோடுகிறது, குளம்பு பிளவில்லை. ஆகவே அதுவும் ஆகாது. இதிலே புழு எங்கே? 12ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த மைமோனிடிஸ் யூதப் பேரறிஞர், தேர்ந்த மருத்துவர். அவரும் பன்றி அழுக்கில் புரள்வதையும் அழுக்கைத் தின்பதையுமே காரணமாகக் காட்டினார். புழுவைச் சொல்லவில்லை. எப்படிச் சொல்வார், கண்ணுக்குத் தெரியாததை?

அதே சட்டம் மாட்டை அனுமதிக்கிறது. வேகாத மாட்டிறைச்சியிலிருந்து நாடாப்புழு வருகிறது என்பதை 1861இல் செருமானிய அறிஞர் லூக்கார்ட் மெய்ப்பித்தார். நோயறிந்து வகுத்த சட்டமானால், "நன்றாக வேகவைத்து உண்" என்ற ஒரே வரி போதுமே! அந்த வரியை அங்கே காணோம்.

உண்மையிலேயே கண்டவர் யார்? 1835, இலண்டன், புனித பார்த்தலோமியோ மருத்துவமனை. அறுப்புச் சாலையில் ஓர் இத்தாலியக் கொத்தனாரின் சடலம். தசையெங்கும் வெண்புள்ளிகள். அத்தகைய புள்ளிகளைப் பிறரும் முன்பே பார்த்ததுண்டு. கத்தியின் முனையை மழுக்கும் எலும்புத் துணுக்குகள் என்று ஒதுக்கிவிட்டனர். ஜேம்ஸ் பேஜட் என்ற 21 வயது முதலாண்டு மாணவர் ஒதுக்கவில்லை. நுண்ணோக்கி தேடி பிரிட்டிஷ் அருங்காட்சியகம் வரை சென்றார். தாவரவியல் அறிஞர் இராபர்ட் பிரௌன் தம்முடையதைத் தந்தார். புள்ளிக்குள்ளே சுருண்டு கிடந்தது ஒரு புழு! பெயர் சூட்டி உலகுக்கு அறிவித்த புகழ் மட்டும் ரிச்சர்டு ஓவன் என்ற பெரியவருக்குப் போயிற்று. மாணவர் கண்டார், மேதை பெற்றார். இதுவும் பழைய கதைதான்!

1846இல் அமெரிக்காவின் ஜோசப் லைடி அதே புழுவைப் பன்றி இறைச்சியில் கண்டார். ஆயினும் அது உயிர் குடிக்கும் என்று எவரும் எண்ணவில்லை. 1860 சனவரியில் டிரெஸ்டன் நகர மருத்துவமனையில் ஒரு பணிப்பெண் மாண்டாள். வயது இருபது இருக்கும். டைபாய்டு என்றுதான் முதலில் கருதினர். மருத்துவர் செங்கர் அவளது தசையை ஆராய்ந்தார். உயிருள்ள புழுக்கள் நிறைந்து கிடந்தன. அதோடு அவர் நிற்கவில்லை. அவள் வேலை பார்த்த இடத்திற்கே சென்று விசாரித்தார். கிறித்துமசையொட்டி ஒரு பன்றி அறுத்திருக்கிறார்கள். வீட்டாரும் நோயுற்றிருந்தனர், அறுத்த கசாப்புக்காரரும் நோயுற்றிருந்தார். மிஞ்சியிருந்த இறைச்சியில் அதே புழு!

இறைச்சியோடு இறங்கும் புழுக்குஞ்சு, இரைப்பையில் உறை கரைந்து வெளிப்பட்டு, குடலில் சில நாளில் வளர்ந்து, குட்டிகளை ஈனும். குட்டிகள் இரத்தத்தோடு ஓடித் தசைக்குள் சுருண்டுகொள்ளும். காய்ச்சல், கண்ணிமை வீக்கம், அசைய முடியாத வலி, சிலருக்குச் சாவு. உண்டதற்கும் வலிக்கும் இடையே வாரங்கள் கழிவதால், எந்த உணவால் வந்தது என்று எவர் அறிவார்?

1865இல் ஹெடர்ஸ்லேபன் என்ற செருமானியச் சிற்றூரில், அரைத்த பச்சை இறைச்சியை உண்டவர்களில் 337 பேர் நோயுற்றனர். 101 பேர் மாண்டனர். அறுக்கும் ஒவ்வொரு பன்றியையும் நுண்ணோக்கியில் பார்த்தாக வேண்டும் என்று போராடினார் ருடால்ஃப் விர்ச்சோ. அவ்வாண்டு பிஸ்மார்க் அவரை இருவர் போருக்கு அழைத்தது உண்மை. புழு நிறைந்த கொத்திறைச்சிக் குழலையே விர்ச்சோ ஆயுதமாகக் கேட்டார் என்பது சுவையான கட்டுக்கதை. நம் பக்கத்துக் கதையானாலும் கதை கதைதான், தள்ளுவோம்.

1877இல் பிரஷ்யாவில் சோதனை கட்டாயமாயிற்று. 1883இல் செருமனி அமெரிக்கப் பன்றி இறைச்சியைத் தடுத்தது. புழுவைச் சாக்காகக் காட்டிப் பண்ணை முதலாளிகள் தம் சந்தையைக் காத்துக்கொண்டதும் அதில் அடங்கும். 1891இல் அமெரிக்கா ஏற்றுமதி இறைச்சியைச் சோதிக்கச் சட்டம் செய்தது. அவ்வாண்டே தடை நீங்கியது. சிகாகோ நகரில் அந்த நுண்ணோக்கிகளின் முன் அமர்ந்து புழு தேடியவர்களில் பலர் பெண்கள்.