மெட்ராஸ் ஐ: பார்த்தாலே ஒட்டிக்குமா?

"பார்த்தாலே ஒட்டிக்குமாமே டாக்டர், நிஜமா?" மெட்ராஸ் ஐ வரும் சமயங்களில் என்னிடம் இதைக் கேட்காத தாய்மார்கள் குறைவு. பார்வையால் ஒட்டாது. கறுப்புக் கண்ணாடி போடுவது கண் கூசாமலிருக்கத்தான். கையால் ஒட்டும், துண்டால் ஒட்டும், தலையணை உறையால் ஒட்டும். வீட்டுப் பெண்கள் எல்லோருக்கும் ஒரே மைச்சிமிழ் என்றால் கேட்கவே வேண்டாம்!

பெயர்தான் நம் ஊருடையது; வியாதி எல்லா ஊருக்கும் போகும். 1969-ல் ஆப்பிரிக்காவின் கானாவில், கண்ணில் ரத்தம் கட்டும் வகை ஒன்று கிளம்பியது. மனிதன் நிலவில் இறங்கிய சமயமாயிற்றே, 'அப்போலோ 11 நோய்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். 1971-ல் வங்கதேசப் போர் நேரத்தில் கல்கத்தாவில் பரவியபோது, அதன் பெயர் 'ஜாய் பங்களா'!

ஆனால் சிவந்த கண்ணெல்லாம் மெட்ராஸ் ஐ இல்லை. வைரஸ் என்றால் மணல் விழுந்தாற்போல உறுத்தும், தண்ணீராகக் கொட்டும், ஒரு கண்ணில் ஆரம்பித்து மறு கண்ணுக்கும் போகும். மஞ்சளாகப் பீளை தள்ளிக்கொண்டே இருந்தால் பெரும்பாலும் பாக்டீரியா. இரண்டு கண்ணும் அரித்து, குழந்தை ஓயாமல் கசக்கினால் அலர்ஜியாக இருக்கலாம். அது யாருக்கும் ஒட்டாது.

வைரஸ் வகை இரண்டு மூன்று வாரத்தில் தானே அடங்கும். கொதித்து ஆறிய நீரில் பஞ்சை நனைத்துத் துடைத்து எறியுங்கள். கண்ணுக்கு ஒரு பஞ்சு. துண்டு தனி.

எனக்குப் பயமெல்லாம் உங்கள் வீட்டு அலமாரியைக் கண்டுதான். போன தடவை வாங்கின சொட்டு மருந்து அங்கே மீதி இருக்கும். அதில் ஸ்டீராய்டு இருந்தால் சிவப்பு சட்டென்று வடியும், "ஆஹா, கேட்டுடுச்சே" என்பீர்கள். உள்ளே ஹெர்பிஸ் கிருமியால் கருவிழியில் புண் இருந்தால் அது பெரிசாகிவிடும். நாள்கணக்கில் போட்டுக்கொண்டே போனால் கண் அழுத்தமும் புரையும் வேறு. தாய்ப்பால், நந்தியாவட்டைச் சாறு எதுவும் கண்ணில் விட வேண்டாம். பாட்டியிடம் நான் சொன்னதாகவே சொல்லுங்கள்!

கண்ணில் நல்ல வலி, பார்வை மங்கல், கருவிழியில் வெள்ளைப் புள்ளி, அல்லது நெல் உமி பட்ட கண் என்றால் அன்றைக்கே கண் டாக்டரிடம் போய்விட வேண்டும். பிறந்து ஒரு மாதம் ஆகாத சிசுவுக்குக் கண் சிவந்து பீளை தள்ளினாலும் அப்படியே. ராத்திரியானாலும் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்.