விடிந்தும் தெளியாத வெறி

இரவு குடித்தவன் உறங்கி எழுந்தால் வெறி முறிந்துவிடும் என்பது நம்மவரிடையே வேரூன்றிய நம்பிக்கை. வீதியில் உயிர்களைக் காவுகொள்ளக் கூடிய இப்பொய்யை நாம் இனியும் பொறுத்திருத்தல் தகாது.

கணக்கு எளியது. அரைப் போத்தல் சாராயத்தில், அதாவது 375 மில்லிலீற்றரில், ஏறக்குறைய 100 கிராம் மதுசாரம் உண்டு. ஈரல் அதனை மணிக்கு 7 முதல் 10 கிராம் வரையிலேயே தீர்க்கும். உறக்கத்தால் அவ்வேகம் கூடுவதில்லை. தலைமுழுக்கும் தேசிக்காய்த் தண்ணீரும் கடுங்கோப்பியும் களைப்பை மறைக்கலாம், ஈரலை விரைவுபடுத்தமாட்டா. ஆகவே இரவு பத்து மணிக்கு அரைப் போத்தலை முடித்தவரின் உடலில் விடியற்காலை ஐந்து மணிக்கும் மது நிற்கும். 100 மில்லிலீற்றர் இரத்தத்தில் 80 மில்லிகிராம் என்ற சட்ட எல்லையை அது தாண்டியிருக்கவுங்கூடும். மது நீங்கிய பின்னரும் தூக்கக் குறைவும் தலையிடியும் கவனத்தைக் கெடுக்கும். "நேற்றல்லவா குடித்தேன்" என்ற வாதத்தைச் சட்டம் ஏற்காது.

அந்த ஐந்து மணிக்குத்தான் நம் மரக்கறி லொறிகள் கண்டி வீதியில் ஓடுகின்றன. உழவு இயந்திரங்கள் வயலுக்குப் புறப்படுகின்றன. சற்று நேரத்தில் பள்ளிப் பிள்ளைகளின் வான்களும் வந்து சேர்கின்றன. குற்றம் சாரதியுடையது மட்டுமன்று. விருந்தில் விஸ்கி அருந்திவிட்டுக் காலையில் தாமே காரோட்டிக் கந்தோர் செல்லும் உத்தியோகத்தரும், தவறணையில் கள்ளுக் குடித்த கூலியாளும் ஈரலின் முன் சமமானவரே.

அறுவடை இரவில் சாரதிக்குச் சாராயம் வாங்கிக் கொடுத்து, விடியுமுன் அவரையே அடுத்த வயலுக்கு ஏவும் கமக்காரரை நாம் கேட்கிறோம்: விபத்து நேர்ந்தால் உமக்கு அதில் பங்கில்லையா? மதுவரியால் திறைசேரியை நிரப்பும் அரசையும் கேட்கிறோம்: அவ்வருவாயிற் சிறிதேனும் வைகறைச் சோதனைக்குச் செலவிடலாகாதா?

நாம் கோருவன மூன்று. பொலிசாரின் சுவாசச் சோதனை காலையிலும் நடைபெற வேண்டும். மறுநாள் வண்டியோட்ட வேண்டியவருக்கு முதல்நாளிரவு மது கொடுக்கும் வழக்கம் ஒழிய வேண்டும். "இன்று ஓட்ட முடியாது" என்று உண்மை சொல்லும் சாரதிக்கு முதலாளி வேறு வேலை கொடுக்க வேண்டும். கூலி போய்விடும் என்று அஞ்சுபவர் உண்மை சொல்லமாட்டார். பொய்யோடு சக்கரத்தைப் பிடிப்பார். ஒரு லொறி சற்றுப் பிந்திப் புறப்பட்டால் சந்தையில் விலை குறையலாம். அந்நட்டத்தை அடுத்த போகத்தில் ஈடுசெய்யலாம். வீதியில் இழந்த உயிருக்கு ஈடு எந்தப் போகத்திலும் விளையாது.