உள்ளத்தின் நோயும் நோயே

காய்ச்சல் வந்தால் மருத்துவரை நாடுகின்றோம். கண் மங்கினால் கண்ணாடி அணிகின்றோம். உள்ளம் நோயுற்றால் மட்டும், நம்மவர்களில் பலர் தாயத்தையும் தகட்டையும் தேடி ஊர் ஊராக அலைகின்றார்கள். நோய் ஒன்று, நாம் கொடுக்கும் பெயர்களோ பல. ஜின் என்கின்றோம், சூனியம் என்கின்றோம், ஈமானின் பலவீனம் என்கின்றோம்.

அதிராம்பட்டினம் முதல் நாகூர் வரை, அய்யம்பேட்டை முதல் கூத்தாநல்லூர் வரை, எந்த மஹல்லாவிலும் இத்தகைய ஒருவரைக் காணலாம். சில வாரங்கள் அவர் உறங்குவதே இல்லை. ஓயாது பேசுவார். விளைந்த நெல்லைக் கிடைத்த விலைக்கு விற்றுக் கண்டவர்க்கெல்லாம் வாரி வழங்குவார். பின்னர் சில மாதங்கள் பாயை விட்டு எழுந்திருக்கமாட்டார். தொழுகையில் நாட்டமிராது, உணவில் விருப்பமிராது, வாழ்வே சுமையாகத் தோன்றும். இதனை மருத்துவர்கள் இருதுருவ மனநோய், அதாவது பைபோலார் நோய் என்று அழைக்கின்றார்கள். 2019ஆம் ஆண்டில் உலகெங்கும் ஏறத்தாழ 4 கோடிப் பேர் இந்நோயுடன் வாழ்ந்ததாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டுள்ளது.

மகிழ்ச்சியும் துயரமும் மனிதனுக்கு இயல்பானவையே. மேட்டூரில் அணை திறந்தால் காவிரி நிறைந்தோடுகின்றது. கோடையில் மணல் தெரிகின்றது. அதனை யாரும் கேடு என்பதில்லை. கரையை உடைத்துக்கொண்டு வயலுக்குள் புகுந்தால்தான் கேடு. உள்ளத்தின் நிலையும் அவ்வாறே. அளவும் காலமும் கடந்து, பிழைப்பையும் குடும்பத்தையும் குலைக்குமாயின் அது நோய்.

இந்நோய் ஒரே வகையானதன்று. முதல் வகையில் மன எழுச்சி கட்டுக்கடங்காது பொங்கும். அது ஒரு வாரமேனும் நீடிக்கும். அல்லது மருத்துவமனையில் சேர்க்க வேண்டிய அளவுக்கு முற்றிவிடும். இல்லாத குரல் கேட்பதும், தமக்குத் தனியான ஆற்றல் வந்துவிட்டதாக நம்புவதும் இவ்வகையில் உண்டு. இரண்டாம் வகையில் எழுச்சி மிதமானது. நான்கு நாட்களேனும் நிற்கும். வீட்டார் அதனை நோயென்றே உணரார். "பிள்ளை சுறுசுறுப்பாகிவிட்டான்" என்று மகிழ்வார்கள். ஆனால் இவ்வகையினரை வாட்டும் மனச்சோர்வு மிகக் கடுமையானது, நீண்டதுமாகும். மூன்றாம் வகையில் இரண்டுமே இலேசானவை. எனினும் இரண்டு ஆண்டுகளுக்கும் மேலாக மாறி மாறி வந்துகொண்டேயிருக்கும். சிலருக்கு ஓராண்டில் நான்கு முறையோ அதற்கு மேலோ நோய் திரும்பத் திரும்ப வருவதுண்டு. எழுச்சியும் சோர்வும் ஒருங்கே கலந்து வருவதும் உண்டு, அந்நிலை ஆபத்தானது.

இவ்வகைகளை அறிவதால் நமக்கு என்ன பயன் என்று கேட்கலாம். பெரும்பயன் உண்டு. சோர்வுற்ற வேளையில்தான் நாம் நோயாளியை மருத்துவரிடம் அழைத்துச் செல்கின்றோம். அதற்கு முந்திய எழுச்சியைச் சொல்லாது விட்டுவிடுகின்றோம். மருத்துவர் அதனை வெறும் மனச்சோர்வு என்று கருதி அதற்கான மருந்தை மட்டும் கொடுத்தால், அதுவே சிலருக்கு எழுச்சியைக் கிளப்பிவிடக்கூடும். ஆகவே, உறங்காத இரவுகளையும் அளவு மீறிய செலவுகளையும் மறைக்காது மருத்துவரிடம் சொல்லுங்கள்.

இங்கே மார்க்கம் அறிந்தோர் நடுநிலையுடன் நோக்க வேண்டிய செய்தி ஒன்றுண்டு. எழுச்சி நிலை சில வேளைகளில் பக்தியின் வடிவில் வரும். இரவெல்லாம் வணக்கம், கணக்கற்ற தர்மம், "எனக்கு இறைச்செய்தி வருகின்றது" என்ற பேச்சு. இதனைக் கண்டு, அவரை வலியுல்லாஹ் என்று சூழ்ந்துகொள்வோரும் உண்டு. மெய்யான வணக்கம் உள்ளத்தில் அமைதியைத் தரும், பணிவைத் தரும், மனைவி மக்களின் உரிமையைப் பேணச் செய்யும். உறக்கமும் நிதானமும் போய், மக்கள் பட்டினி கிடக்கப் பொருள் கரையுமாயின், அவருக்கு வேண்டியது முரீதுகள் அல்லர், மருத்துவரே.

அவ்வாறே, மனச்சோர்வுற்றவரை ஈமான் குறைந்தவர் என்று இகழ்வதும் தகாது. மகனைப் பிரிந்த துயரால் நபி யஃகூப் (அலை) அவர்களின் கண்கள் வெளுத்ததைத் திருமறை எடுத்துரைக்கின்றது. கவலையிலிருந்தும் துயரத்திலிருந்தும் பெருமானார் (ஸல்) அவர்களே இறைவனிடம் பாதுகாவல் தேடினார்கள். நோய்க்கு மருந்து தேடுமாறும் பணித்தார்கள். புத்தி பேதலித்தவர் தெளிவு பெறும்வரை அவர் மீது எழுதுகோல் உயர்த்தப்பட்டுவிட்டது என்றும் அறிவித்தார்கள். அல்லாஹ்வே கணக்கெழுதாத ஒருவர் மீது நாம் குற்றம் எழுதலாமா?

நம் முன்னோர் இதனை நன்கு அறிந்திருந்தார்கள். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே அபூ ஸைத் அல்பல்கீ என்னும் பேரறிஞர், காரணம் தெரிந்த துயரம் வேறு, காரணமின்றி வரும் துயரம் வேறு என்று பிரித்து எழுதினார். 1284இல் கெய்ரோவில் சுல்தான் கலாவூன் நிறுவிய மருத்துவமனையில் மனநோயாளிகளுக்கெனத் தனிப் பகுதி இருந்தது. அத்தகைய மரபில் வந்த நாம் எங்கே வந்து நின்றோம்?

2001 ஆகஸ்ட் 6ஆம் நாள், இராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில், தனியார் காப்பகம் ஒன்றின் கொட்டகை விடியற்காலையில் தீப்பற்றியது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளிகள் ஓட வழியின்றிக் கருகினார்கள். 28 உயிர்கள் போயின. நிவாரணம் வேண்டி, பெற்றோரும் உடன்பிறந்தோரும் கொண்டுபோய் விட்டுவந்த மக்கள் அவர்கள். உச்ச நீதிமன்றம் தானே முன்வந்து அதனை விசாரித்தது. 2017ஆம் ஆண்டின் மனநலச் சட்டம், மனநோயாளியை எவ்வகையிலும் சங்கிலியிடலாகாது என்று விலக்கிவிட்டது. ஏர்வாடி தர்காவிலேயே துஆவுடன் மருந்தும் வழங்கும் ஏற்பாடும் வந்தது. துஆவும் மருந்தும் பகையல்ல என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

மருந்து உண்டு, பலனும் உண்டு. 1949இல் ஆஸ்திரேலிய மருத்துவர் ஜான் கேட், லித்தியம் என்னும் உப்பு எழுச்சி நிலையைத் தணிப்பதைக் கண்டறிந்தார். இன்றும் அது பயன்படுகின்றது. ஆனால் இரத்தத்தில் அதன் அளவை அவ்வப்போது சோதிக்க வேண்டும். உடலில் நீர் வற்றினால் அதன் அளவு கூடி நஞ்சாகிவிடலாம். ஆகவே இம்மருந்து உண்போர் ரமலானுக்கு முன்பே மருத்துவரைக் கலந்துகொள்ள வேண்டும். நோன்பு வேண்டாமென அவர் கூறினால், நோயாளிக்கு இறைவன் அளித்த சலுகையை மனநிறைவுடன் ஏற்க வேண்டும். உறக்கம் கெட்டாலும் நோய் திரும்பும். இரவு வணக்கத்திலும் அளவு தேவை. நலமாகிவிட்டது என்று தாமாக மருந்தை நிறுத்துவது பெரும் தவறு.

ஜமாஅத்துப் பெரியோர்களே, உங்களுக்கும் கடமையுண்டு. "கல்யாணம் முடித்து வைத்தால் சரியாகிவிடும்" என்று நோயை மறைத்து நிகாஹ் நடத்துவதைத் தடுத்துவிடுங்கள். அது ஒரு பெண்ணுக்கோ ஆணுக்கோ இழைக்கும் அநீதி. உண்மையைச் சொல்லி, மருந்துடன் இல்லறம் நடத்துவோர் எத்தனையோ பேர். புத்தி பேதலித்த நிலையில் செய்த விற்பனை ஹனபி, ஷாபிஈ இரு மத்ஹபுகளிலும் செல்லாது. அந்நிலையில் ஒருவரின் நஞ்சையை எழுதி வாங்குவோரைப் பள்ளிவாசலில் வைத்துக் கேளுங்கள். இறந்துவிட வேண்டும் என்று ஒருவர் பேசினால் அதனை அலட்சியம் செய்யாதீர்கள். அவரைத் தனியே விடாதீர்கள். தஞ்சை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு உள்ளது. 14416 என்ற எண்ணில் இரவும் பகலும் கட்டணமின்றி ஆலோசனை பெறலாம்.

ஓதிப் பாருங்கள், வேண்டாமென்று யாரும் சொல்லவில்லை. ஓதிய கையோடு பேருந்தேறி மருத்துவரிடமும் அழைத்துச் செல்லுங்கள். மருந்தைப் படைத்தவனும் அந்த ஓதலைச் செவியேற்பவனும் ஒரே இறைவன் அன்றோ!